கொடுவாக் குஞ்சுக்கு எந்தப் பொடி? மூன்று டப்பாவும் ஒரு தராசும்

"அண்ணே, தவுக்கே மூணு டப்பா வாங்கிட்டு வந்து வச்சிருக்காரு. ஒண்ணு வைட்டமின், ஒண்ணு ஈஸ்ட், இன்னொண்ணு புரோபயாட்டிக். மூணையும் கலந்து போட்டுடலாமா?"

சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு மிதவை மீன் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பிய குரல் பதிவு இது. தவுக்கே என்றால் முதலாளி. புரோபயாட்டிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி. பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அதே வாரம் புலாவ் உபின் பக்கத்திலிருந்து இன்னொருவர் கேட்டிருந்தார். அவர் கையில் இருந்தது மீன் எண்ணெய் கேன். கேள்வி மட்டும் ஒன்றுதான்: கொடுவாக் குஞ்சு சீக்கிரம் வளர எதைச் சேர்ப்பது?

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவிலுள்ள ஜொகூர் நீரிணையின் இரு முனையிலும் பல வருஷம் தீனி வாளி தூக்கியவன் நான். இந்த டப்பாக்களில் பெரும்பாலானவற்றை வீணாக்கிய அனுபவமும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே பேசுவது கூண்டுக்கு வந்துவிட்ட குஞ்சைப் பற்றி. விரல் நீளத்திலிருந்து உள்ளங்கை அளவு வரை, அதாவது ஏறக்குறைய 5 கிராமிலிருந்து 100 கிராம் வரை. சியாக்காப் என்று சந்தையில் வாங்குகிறோமே, அதே கொடுவாதான். கலவா, செங்கனி குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்கு பொருந்தும்.

அளவுகோல் என்ன?

முதல் கேள்வி: உங்கள் மீனுக்கு என்ன குறைகிறது? கொடுவா ஊன் தின்னும் மீன். குஞ்சுப் பருவத்தில் தீனியில் புரதம் 45 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கடல் மீன் எண்ணெயில் இருக்கும் டிஎச்ஏ, ஈபிஏ என்ற கொழுப்புகளைத் தன் உடம்பிலேயே தேவையான அளவு தயாரித்துக்கொள்ள அதற்கு வராது, தீனியில்தான் வர வேண்டும். நல்ல கடல் மீன் தீனியில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

இரண்டாவது: மேலே தடவியது மீன் வாய்க்குப் போகுமா? தீனி தண்ணீரில் விழுந்த நொடியிலிருந்து, கரையும் பொருளெல்லாம் கரைய ஆரம்பிக்கிறது. கூண்டில் நீரோட்டம் வேறு.

மூன்றாவது, நம் ஊர் வெயில். பண்ணையில் பொருளை வைக்கும் இடம் பெரும்பாலும் தார்ப்பாய்க்குக் கீழே. 30 டிகிரி, காற்றெல்லாம் ஈரம், உப்பு. ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ குளிர் அறையில் இரண்டு வருஷம் தாங்கும் பொடி இங்கே எத்தனை வாரம் தாங்கும்?

நான்காவது கைவேலை. ஐந்தாவதுதான் எல்லோரும் மறப்பது: பலன் கிடைத்ததா இல்லையா என்று நம் தராசிலேயே தெரியுமா? தெரியாத பலனுக்கு மாதாமாதம் காசு கட்டுவது நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிடும்.

| வழி | எப்போது கைகொடுக்கும் | எங்கே வீணாகும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| நல்ல தீனி மட்டும், எதுவும் சேர்க்காமல் | பெரும்பாலான பண்ணைக்கு, பெரும்பாலான நாளில் | மூட்டை பழசானால் | சைஸ் பிரிக்கும் வேலை |
| வைட்டமின் சி, வைட்டமின் கலவை | பச்சை மீன் போடுபவர்களுக்கு. தீனி பழசான இடத்தில் | புதுத் தீனி மேல் | அளவு மீறினால் கேடு |
| ஈஸ்ட், பீட்டா குளூக்கன் | குஞ்சு இறக்கும் முன்னும் பின்னும், தடுப்பூசி, மழைக்காலம் | வருஷம் முழுக்கப் போட்டால் | நாள் பார்த்துத் தொடங்க வேண்டும் |
| புரோபயாட்டிக் | கரையில் உள்ள தொட்டி, மருந்துத் தீனி முடிந்த பிறகு | திறந்த கடல் கூண்டில் விட்டு விட்டுப் போட்டால் | குளிர்ச்சியான இருப்பு, இடைவிடாத வேலை |
| மீன் எண்ணெய் | மற்றப் பொடியை ஒட்டவைக்க. கொழுப்புக் குறைந்த தீனிக்கு | ஏற்கெனவே கொழுப்புள்ள தீனிக்கு | சிக்கு வாடை, ஈரல் கொழுப்பு |
| பூண்டு, மஞ்சள், வேப்பிலை | சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் | அளவே இல்லாமல் அரைத்து ஊற்றினால் | வாடை பிடிக்காமல் குஞ்சு தீனியை விடும் |

எதுவும் சேர்க்காமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள். டப்பா விற்பவர் சொல்லமாட்டார் என்பதால் நான் முதலில் சொல்கிறேன்.

கொடுவாக் குஞ்சு ஒன்றையொன்று தின்னும். தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ள குஞ்சைக்கூட வாயில் போட்டுக்கொள்ளும். சில சமயம் பாதி விழுங்கி, வால் வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டுமே செத்து மிதக்கும். காலையில் கை வலையில் அள்ளும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இழப்பை எந்தப் பொடியும் நிறுத்தாது. சைஸ் பிரித்தால்தான் நிற்கும். சின்னக் குஞ்சுக்கு வாரம் ஒருமுறை, கொஞ்சம் வளர்ந்த பிறகு பத்து நாள், இரண்டு வாரம் என்று தள்ளிப்போடலாம்.

அடுத்தது தீனி போடும் நேரம். நாளைக்கு ஒரே தடவை வயிறு முட்டப் போடுவதைவிட மூன்று நான்கு தடவையாகப் போட்டால் குஞ்சுகளுக்குள் சைஸ் வித்தியாசம் குறையும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் தீனியை ஒன்பது மணிக்குத் தள்ளிவையுங்கள். மூச்சு வாங்கும் மீனுக்குத் தீனி செரிக்காது.

இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்கிற பண்ணையில் புதுத் தீனி இருந்தால், சேர்க்கைப் பொடி காட்டும் வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும். ஒழுங்காகச் செய்யாத பண்ணையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் செத்ததும் தின்றதும் கணக்கை மூடிவிடும்.

வைட்டமின் டப்பா

வைட்டமின் சி இல்லாமல் மீனின் எலும்பும் குருத்தெலும்பும் சரியாகக் கட்டாது. முதுகு வளையும், செவுள் மூடி குட்டையாகித் திறந்து நிற்கும், புண் ஆற நாளாகும். மனிதருக்கு ஸ்கர்வி வருவது மாதிரிதான். இந்த வைட்டமின் சூட்டுக்கும் காற்றுக்கும் ஆகவே ஆகாது. தீனி ஆலையில் மாவைச் சூட்டோடு அழுத்தி வெளியே தள்ளும்போதே சாதாரண வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் ஆலைகள் பாஸ்பேட்டோடு பிணைத்த, சூடு தாங்கும் வகையைச் சேர்க்கின்றன. மூட்டையில் அப்படி ஒரு வகை குறிப்பிட்டிருந்தால் பாதிக் கவலை போச்சு.

மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. மூட்டை தயாரான தேதி என்ன? பண்ணையில் எத்தனை வாரமாகக் கிடக்கிறது? படகு வாடகை மிச்சம் என்று ஒரே தடவையில் மூன்று மாதத் தீனியை ஏற்றிவரும் பண்ணைகள் உண்டு. மூன்றாவது மாதத்தில் அந்த மூட்டையில் என்ன வைட்டமின் மிஞ்சியிருக்கும்? அந்த இடத்தில் வைட்டமின் டப்பா உதவும். ஆனால் மூட்டையைக் கட்டை மேல், நிழலில் வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை வாங்கினால் டப்பாவே தேவைப்படாது.

வைட்டமின் கலவை உண்மையாகவே வேண்டியது பச்சை மீன் போடும் பண்ணைக்கு. நம் ஊர்க் கடற்கரையில் சங்காயம் என்போமே, அந்த மாதிரிக் கழிவு மீன். மத்தி, நெத்திலி இனத்தில் பல பச்சை மீன்களில் தயாமினேஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் அது சாகாது, வேகவைத்தால்தான் போகும். பச்சையாக வெட்டிப் போட்டே வளர்த்த குஞ்சு தடுமாறி நீந்தினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சுழன்று சுழன்று நீந்துவது நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய்க்கும் அடையாளம். அப்படிப் பார்த்தால் பொடியைத் தேடாதீர்கள், மீன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. குஞ்சு வாங்கி இறக்கிய அன்றே முதுகு வளைந்து இருந்தால் அது பொரிப்பகத்தில் முடிந்த கதை. காற்றுப்பை சரியாக நிரம்பாததால் வளைந்திருக்கலாம், லார்வா பருவத்துத் தீனியால் வளைந்திருக்கலாம். நாம் எத்தனை டப்பா கொட்டினாலும் வளைந்த எலும்பு நிமிராது. நான் ஒருமுறை அப்படிப்பட்ட குஞ்சுக்கு இரண்டு மாதம் வைட்டமின் போட்டேன். கொழுத்த கூன் மீன்கள் கிடைத்தன.

அளவை மீறாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சி கூடினால் தண்ணீரோடு போகும். ஏ, டி இரண்டும் கொழுப்பில் தங்கும், கூடினால் நஞ்சு.

ஈஸ்ட் டப்பா

மூன்றில் எனக்கு ஓரளவு நம்பிக்கை உள்ளது இதுதான், அதுவும் நாள் பார்த்துப் போட்டால்.

ஈஸ்ட் என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. பீர் ஆலையிலிருந்து வரும் காய்ந்த ஈஸ்ட் முழு செல். அதில் புரதம், பி வைட்டமின், நியூக்ளியோடைடு எல்லாம் உண்டு, விலையும் குறைவு. ஈஸ்ட் செல்சுவரைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ததுதான் பீட்டா குளூக்கன். மீன் உடம்பு அதைக் கிருமியின் தோல் என்று நினைத்துக்கொண்டு காவலை முடுக்கிவிடும். டப்பாவில் பீட்டா குளூக்கன் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் குளூக்கன் விலை கொடுத்து பீர் ஈஸ்ட் வாங்கியிருக்கலாம்.

காவலை முடுக்குவது சும்மா நடப்பதில்லை, அதற்கும் சக்தி செலவாகும். எப்போதும் முடுக்கியே வைத்திருந்தால் பலன் மங்கிப்போகும் என்பதால் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்து நிறுத்துவார்கள். எப்போது தொடங்குவது? குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருவதற்கு முன்பே தொடங்கினால் நல்லது. பொரிப்பகத்தில் பேசிப் பாருங்கள், சில இடத்தில் செய்வார்கள். இல்லையென்றால் தடுப்பூசிக்கு இரண்டு வாரம் முன்பு. அப்புறம் டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை. நாள் முழுக்கக் கொட்டினால் நீரிணையில் மேல் தண்ணீரின் உப்பு இறங்கும், கலங்கும், குஞ்சு சோர்ந்துவிடும். நவம்பர் நடுவில் தொடங்கினால் அந்த வாரங்களுக்குள் பலன் வந்திருக்கும்.

வளர்ச்சிக்கு இது நேரடி மருந்து இல்லை. சாவு குறைந்து, தீனி விடாமல் தின்பதால் அறுவடையில் எடை கூடும். நோயே வராத கூண்டில் போட்டால் எடையில் வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

இதோடு ஒரு எச்சரிக்கை. 2014லும் 2015லும் நீரிணையில் பாசி பெருகி மீன் செத்து மிதந்ததை அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "காவலைக் கூட்டும் பொடி போட்டால் பாசிக்கும் தாங்கும்" என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னதுண்டு. பாசி வந்தால் செவுள் பாழாகும், ஆக்சிஜன் இறங்கும். அன்றைக்கு உதவுவது தீனியை நிறுத்துவது, காற்று அடிப்பது, திரை கட்டுவது, முடிந்தால் கூண்டை இழுத்துக்கொண்டு போவது. பொடி அல்ல.

புரோபயாட்டிக் டப்பா

இதில் இரண்டு சாதி. பேசிலஸ் என்பது விதை மாதிரி உறையோடு தூங்கும். சூட்டையும் ஓரளவு தாங்கும், அதனால் பண்ணையில் வைக்கத் தோதானது. லாக்டிக் வகை தயிர்க் கிருமியின் உறவு, குளிர்பெட்டி இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும். டப்பாவின் பின்பக்கத்தில் கிருமியின் பெயரும், கிராமுக்கு எத்தனை கோடி உயிர் என்பதும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாவு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில், கூரைக்குள், தண்ணீரைச் சுற்றவிட்டு வளர்க்கும் தொட்டியில் புரோபயாட்டிக் நன்றாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு. அங்கே தண்ணீர் நம் கையில் இருக்கிறது, வெப்பம் நம் கையில் இருக்கிறது, போட்ட கிருமி எங்கேயும் ஓடிவிடாது. திறந்த கூண்டில் ஒவ்வொரு ஏற்றவற்றத்துக்கும் புதுத் தண்ணீரும் அதோடு புதுக் கிருமியும் வருகிறது. குடலில் போய்ச் சேர்ந்த நல்ல கிருமியும் பெரும்பாலும் குடியேறாது, தீனியை நிறுத்திய சில நாளில் கிளம்பிவிடும். அதனால் இது தினமும் போட வேண்டிய பொருள். ஒரு வாரம் போட்டு, டப்பா தீர்ந்து, அடுத்த டப்பா வரும்வரை பத்து நாள் விட்டு, மறுபடி போட்டால் கடலுக்குத்தான் தானம்.

எனக்குத் தெரிந்து கூண்டில் இது பொருந்தும் இடம் ஒன்று உண்டு: மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் தீனி முடிந்த மறுநாள். மருந்து குடலில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருக்கும். அங்கே முதலில் யார் போய் உட்காருவது என்பதில் ஒரு போட்டி. அப்போது இரண்டு மூன்று வாரம் இடைவிடாமல் கொடுக்கலாம். மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், மருந்து இதையும் கொன்றுவிடும்.

மீன் எண்ணெய் கேன்

உபின் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். டிஎச்ஏ முக்கியம்தான், ஆனால் அதன் பெரிய விளையாட்டு லார்வா பருவத்தில், பொரித்த முதல் மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. அப்போது குஞ்சு தின்பது ரோட்டிஃபர், அப்புறம் ஆர்டீமியா என்ற மிகச் சின்ன நீர் உயிரிகள். இரண்டிலும் இயல்பாக டிஎச்ஏ மிகக் குறைவு. பொரிப்பகத்தில் அவற்றுக்கு எண்ணெயும் பாசியும் ஊட்டி, அதன் பிறகு குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்த பொரிப்பகத்துக் குஞ்சு நம்மிடம் வரும்போதே மந்தம். ஆகவே எண்ணெய்க் கேன் வாங்கும் காசில், "ரோட்டிஃபருக்கு என்ன ஊட்டுகிறீர்கள்?" என்று பொரிப்பகத்தில் ஒரு கேள்வி கேட்பது லாபம்.

கூண்டுக் குஞ்சின் தீனியில் இந்தக் கொழுப்புகள் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும், கடல் மீன் தீனியில் அது வழக்கமாக இருக்கும். அதன் மேல் எண்ணெய் ஊற்றினால் ஈரலிலும் வயிற்றிலும் கொழுப்பு ஏறும். நான்கைந்து மாதமாகத் திறந்து கிடக்கும் கேன் என்றால் இன்னும் மோசம். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் மீனின் வைட்டமின் இ இருப்பைத் தின்றுவிடும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புது மீன் எண்ணெயில் மீன் வாடைதான் இருக்கும். பழைய பெயின்ட் வாடை அடித்தால் வேண்டாம்.

எண்ணெயின் உண்மையான உபயோகம் பசையாக. கிலோ தீனிக்கு 15, 20 மில்லி போதும். முதலில் பொடியைத் தீனியோடு உலர்வாகப் புரட்டி, அதன் மேல் எண்ணெயைத் தெளித்து, இன்னொரு தடவை புரட்டுங்கள். பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது நான் செய்த தப்பு. தீனி ஊறி உப்பி, வெயிலில் இரண்டு மணி நேரம் உலர வைத்து, அதற்குள் ஈ மொய்த்து, கடைசியில் கூண்டில் விழுந்ததும் பால் மாதிரி வெள்ளையாகக் கரைந்து போனது. வலைக்கு வெளியே காத்திருந்த மடவைக் குட்டிகளுக்கு அன்று விருந்து.

மற்றவை, சுருக்கமாக

டாரின் என்பது மீன் தூளில் இயல்பாக உள்ள பொருள். மீன் தூளைக் குறைத்துச் சோயா கூட்டிய தீனியில்தான் அது குறையும். மூட்டையில் மீன் தூள் முதலிடத்தில் இருந்தால் விட்டுவிடலாம். கிரில் தூள், மீன் சாறு எல்லாம் ருசிக்கு. தீனி மாற்றும் வாரத்தில், புதுச் சைஸ் உருண்டைக்குக் குஞ்சு முகம் சுளிக்கும்போது கொஞ்சம் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். என்சைம்கள் ஆலை பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

பூண்டு, மஞ்சள் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிப் பாசம். சிரிக்கவேண்டியதில்லை: மலேசியாவில் ஆய்வாளர்கள் கொடுவாக் குஞ்சுக்குப் பூண்டு, இஞ்சி, வேப்பிலை தனித்தனியாகக் கலந்த தீனி கொடுத்து, விப்ரியோ கிருமியை ஏற்றிச் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது அளந்து கலந்த தீனி, தொட்டியில் வளர்த்த மீன். தேக்கா சந்தையில் வாங்கிய பூண்டை மிக்சியில் அடித்துக் குத்துமதிப்பாக ஊற்றுவது வேறு. வேப்பிலை கொஞ்சம் கூடினாலும் கசந்து குஞ்சு துப்பும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம். லேபிளே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் வரும் "வளர்ச்சி டானிக்". அதில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் மீன் சந்தைக்குப் போகும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமத்தில் நடக்கும் பண்ணை அது, தவுக்கேயின் சொந்தக் குளம் இல்லை.

காசுக் கணக்கு

விலையெல்லாம் கணக்குக்காக நான் வைத்தது, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

10 கிராம் குஞ்சு 5,000. நாளைக்கு 4 சதவீதம் வளர்ந்தால் முப்பது நாளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 33 கிராம். கூடிய எடை மொத்தம் 115 கிலோ. ஒரு கிலோ எடை கூட ஒரு கிலோ தீனி என்றால் 115 கிலோ தீனி போகும். கிலோவுக்கு 5 கிராம் பொடி சேர்த்தால் 575 கிராம். பொடி கிலோ 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 23 வெள்ளி. ஒட்டவைக்க எண்ணெய் 2.3 லிட்டர், லிட்டர் 8 வெள்ளி, அது 18 வெள்ளி சொச்சம். இதுவரை 41 வெள்ளி. அடடா, மலிவாக இருக்கிறதே!

இப்போது கையைக் கணக்கில் சேருங்கள். தினமும் அரை மணி நேரம் கலந்தால் மாதம் 15 மணி. மணிக்கு 10 வெள்ளி என்று வைத்தால் 150. மொத்தம் 191 வெள்ளி. குஞ்சு ஒன்று 1 வெள்ளி என்றால், அந்தப் பொடி மாதத்தில் 191 குஞ்சையாவது, அதாவது நூற்றுக்கு நாலையாவது, காப்பாற்றியிருக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடான எடையைக் கூட்டியிருக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை கலந்து, நிழலில் மூடி வைத்தால் கைவேலை 50 வெள்ளியாக இறங்கும். அப்போது நூற்றுக்கு இரண்டு போதும். டப்பா விலையில் பேரம் பேசுவதைவிடக் கலக்கும் வேலையைக் குறைப்பதில்தான் காசு இருக்கிறது.

நம் தராசில் தெரியவைப்பது எப்படி?

வெறும் இருபது குஞ்சை அள்ளி நிறுத்துச் சராசரி பார்ப்பது எல்லோரும் செய்வது. கொடுவாவில் அது ஏமாற்றும். ஒரு உதாரணம் பாருங்கள். 10 கிராம் குஞ்சு 200 வீதம் இரண்டு வலையில் விட்டீர்கள். மாதக் கடைசியில் ஒரு வலையில் 190 மீன், மொத்தம் 5,700 கிராம், சராசரி 30. இன்னொரு வலையில் 150 மீன், மொத்தம் 4,800 கிராம், சராசரி 32. சராசரியைப் பார்த்தால் இரண்டாவது வலைப் பொடிக்கு மாலை போடுவீர்கள். உண்மையில் அங்கே குட்டிகளைப் பெரியவை தின்றுவிட்டன. மொத்த எடையில் 900 கிராம் நஷ்டம். நானே ஒரு வருஷம் இப்படி ஒரு பொடியைப் புகழ்ந்து, இரண்டு பண்ணைக்குச் சிபாரிசும் செய்திருக்கிறேன்.

ஆகவே முதல் நாளே சைஸ் பிரித்து, ஒரே அளவுக் குஞ்சாக எண்ணி, நான்கு சின்ன வலையில் விடுங்கள். இரண்டில் பொடி, இரண்டில் இல்லை. பொடி வலைகளை ஒரே பக்கம் வைக்காதீர்கள், மூலை வலைக்கு நீரோட்டம் நன்றாக இருக்கும், மாற்றி மாற்றி வையுங்கள். பொடி போடாத வலைக்கும் வெறும் எண்ணெய் தடவிய தீனியே போகட்டும். இதை விட்டுவிட்டால் எண்ணெய் செய்த வேலைக்குப் பொடி பேர் வாங்கிக்கொள்ளும். தீனி எவ்வளவு போனது, எத்தனை செத்தது என்று தினமும் எழுதுங்கள். நிறுக்கும் முந்தின நாள் தீனி வேண்டாம். ஆறு வாரம் கழித்து, விடிந்ததும், மொத்தமாக நிறுத்து, எண்ணிப் பாருங்கள். பொடி வலைகள் இரண்டும் மற்ற இரண்டையும் தாண்டினால் நம்பலாம். ஒன்று தாண்டி ஒன்று தாண்டாவிட்டால் அது வலைக்கு வலை இருக்கும் வித்தியாசம்தான்.

அப்போ அந்த மூன்று டப்பா?

லிம் சூ காங் தம்பிக்கு நான் அனுப்பிய பதில் இது. மூன்றையும் சேர்த்துக் கலக்க வேண்டாம். அவ்வளவு பொடி உருண்டையில் ஒட்டாது, ஒட்டினாலும் எது வேலை செய்தது என்று தவுக்கே கேட்டால் சொல்லத் தெரியாது. தீனி மூட்டை போன மாதம்தான் வந்தது என்கிறீர்கள், பச்சை மீனும் போடுவதில்லை, அதனால் வைட்டமினை அப்படியே மூடி வையுங்கள். புரோபயாட்டிக்கைக் கரைக்கு அனுப்பி குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் புதுக் குஞ்சு இறங்குகிறதே, ஈஸ்ட் அதற்கு. பொரிப்பகத்தில் கேட்டு, முடிந்தால் ஒரு டப்பாவை அங்கேயே முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அரை மணி நேரத்தில் மறுபதிவு வந்தது. ஈஸ்ட் டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்த்தாராம். காலாவதி ஆகி இரண்டு மாதம்.